அந்த இடத்துக்கு ஒரு தாள்

தமிழில் மதிப்புரையே எழுதப்படாத உரைநடை வகை ஒன்று உண்டு. அறுவை சிகிச்சைக்கு முன்னாலோ, டிஸ்சார்ஜ் ஆகும்போதோ நோயாளி கையில் கொடுக்கிற தாள். 'உங்களுக்கு என்ன செய்யப்போகிறோம், அதற்குப் பிறகு என்ன எதிர்பார்க்கலாம்' என்று சொல்ல வேண்டிய ஒன்றரைப் பக்கம். ஒரு கவிதைத் தொகுப்புக்கு நான்கு மதிப்புரை வருகிறது, ஒரு வெப் சீரிஸுக்கு நாற்பது வருகிறது. இந்தத் தாளை யாரும் ஒரு பிரதியாகவே எடுத்துக்கொள்வதில்லை. இத்தனைக்கும் அதை வாசிப்பவர், ஒவ்வொரு வரியிலும் தன் உடம்பு இருக்கிறது என்று நம்பி வாசிக்கிறார். அப்படி ஒரு வாசகர் கிடைக்க எந்த நாவலாசிரியருக்கும் கொடுத்து வைக்கவில்லை.

நான் வேலை பார்க்கும் துறையில் இந்த வகை எழுத்துக்கு டாக்குமென்டேஷன் என்று பெயர். அதில் ஊறிப்போனவன் என்பதால் எந்தத் தாளைப் பார்த்தாலும் மூன்று கேள்வி தானாக வந்துவிடும். எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதற்கு ஒரு பெயர் இருக்கிறதா? என்ன நடக்கும் என்பது வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கிறதா? இதைப் பயன்படுத்தப் போகிறவர் எங்கே, எப்படி இருந்துகொண்டு பயன்படுத்துவார் என்று எழுதியவருக்குத் தெரியுமா?

இந்த மூன்று கேள்விகளையும் ஒரே ஒரு அறுவை சிகிச்சையின் மேல் வைத்துப் பார்க்கிறேன். பெண்குறிப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை. வைத்துப் பார்க்கிற இடம் விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசு பூமி: சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை.

பெண்குறி என்று நான் சொல்வது உடம்புக்கு வெளியே தெரிகிற பகுதியை மட்டும். மேட்டுப் பகுதி, வெளி உதடுகள், உள் உதடுகள், கிளிட்டோரிஸ், மூத்திரத் துவாரத்தைச் சுற்றிய தோல், யோனியின் வாசல். அங்கே வரும் புற்று அரிதானது. பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளில் வரும் புற்றுகளில் நூற்றுக்கு நான்கைந்துதான். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகு வருகிறது. இரண்டு பாதைகளில் வருகிறது என்கிறது மருத்துவம். ஒன்று, எச்.பி.வி. வைரஸ். மற்றொன்று, லைக்கன் ஸ்க்ளரோசஸ் போன்ற நாள்பட்ட தோல்நோய். தோல் வெளுத்து, மெலிந்து, வருஷக்கணக்கில் அரிக்கும். முதல் அறிகுறி பல நேரம் வெறும் அரிப்பு. அல்லது ஆறாத ஒரு சின்னப் புண், ஒரு தடிப்பு.

பெயர்

சில வருஷங்களுக்கு முன்னால், எனக்குச் சித்தி முறையாகும் ஒருவருக்கு மதுரையில் ஒரு மருத்துவமனையில் இந்த ஆபரேஷன் நடந்தது. திருத்தங்கல் பக்கம் ஊர். சரவெடி பின்னுகிற வேலை. அவர் மகள் டிஸ்சார்ஜ் தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு போன் பண்ணினாள்.

"அண்ணே, இதுல என்ன போட்டுருக்குன்னு பாத்துச் சொல்லுங்கண்ணே."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"கட்டிய எடுத்தாச்சு, ரெண்டு தொடை இடுக்குலயும் நெறிக்கட்டு எடுத்துருக்கு, மூணு மாசம் கழிச்சு வாங்கன்னாங்க. எங்க எடுத்தாக, எம்புட்டு எடுத்தாகன்னு அம்மா கேக்குது."

எங்கே, எவ்வளவு. தன் உடம்பில் நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி அந்த உடம்புக்குச் சொந்தக்காரர் கேட்கிறார். பதில் தாளில் இருக்கத்தான் செய்தது. ராடிக்கல் வல்வெக்டமி, அதற்குக் கீழே பி பார் எல் ஐ.எஃப்.எல்.டி. என்று ஒரு சுருக்கெழுத்து, எல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் மூன்றே வரி. புண்ணைச் சுத்தமாக வைக்கவும். கனமான பொருட்களைத் தூக்கக் கூடாது. நீண்ட நேரம் நாற்காலியில் அமர வேண்டாம்.

நான் ஆங்கிலத்தைத் தமிழாக்க ஆரம்பித்தேன். "முழுசா எடுத்துருக்காங்கம்மா..." என்று சொல்லி, அடுத்து வர வேண்டிய பெயர்ச்சொல்லில் நின்றேன். தங்கச்சியிடம் எந்த வார்த்தையைச் சொல்ல முடியும்? "கீழ, வெளிப்பக்கம்" என்றேன். "கர்ப்பப்பையாண்ணே?" "இல்ல, அதுக்கும் வெளிய." கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு "அந்த எடமா" என்றாள்.

அந்த இடம். இதை வெறும் கூச்சம் என்று தள்ளிவிட்டுப் போய்விடலாம். ஆனால் தமிழிடம் இந்தப் பகுதிக்குச் சொல் இல்லாமல் இல்லை. சங்கப் பாடல்களில் 'அல்குல்' எத்தனையோ முறை வருகிறது. பாம்பின் படத்தோடும் தேர்த்தட்டோடும் அதை ஒப்பிட்டிருக்கிறார்கள். அது இடுப்பா, இடையின் பின்பக்கமா, பெண்குறியா என்று உரைகாரர்களும் ஆய்வாளர்களும் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். ஒரு உறுப்பின் பெயர், உறுப்பு எது என்றே தீர்மானிக்க முடியாத அளவுக்கு உவமைக்குள் புதைந்து போயிருக்கிறது. இன்னொரு பக்கம் தெரு. குழாயடிச் சண்டையிலும் டாஸ்மாக் வாசலிலும் அந்தச் சொல் ஒரு நாளைக்கு நூறு தடவை புழங்குகிறது, வசவாக. செய்தித்தாளில் அதே இடம் 'மர்ம உறுப்பு' ஆகிறது. ஆக, பாடலில் அழகு, தெருவில் வசவு, நாளிதழில் மர்மம். 'இங்கே அரிக்கிறது' என்று ஒரு நர்ஸிடம் சொல்வதற்கான, அழகும் அசிங்கமும் ஒட்டாத சொல் மட்டும் கைவசம் இல்லை.

இதே மாவட்டத்தைச் சேர்ந்த பாமா எழுதிய 'சங்கதி' (1994) நாவலில் ராக்கம்மா என்றொரு பெண் வருகிறாள். அடிக்க வரும் புருஷனைத் தெருவில் நின்று உடம்பின் வார்த்தைகளால் திட்டித் தீர்க்கிறாள். கூட்டத்துக்கு முன்னால் சேலையைத் தூக்கிக் காட்டுகிறாள். அவளுக்கு வேறு ஆயுதம் இல்லை என்பதை நாவல் தெளிவாகவே காட்டுகிறது. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் சின்னப் பெண்ணின் கதையும் அதே நாவலில்தான் இருக்கிறது. நான் இந்தக் கட்டுரைக்காக அதைத் திரும்ப வாசித்தபோது என்னைத் துரத்திய கேள்வி வேறு. தெருவில் அத்தனை துணிச்சலாக அந்தச் சொல்லை எடுக்க முடிந்த ராக்கம்மா, ஐம்பத்தைந்து வயதில் அங்கே ஒரு தடிப்பு வந்து ஆஸ்பத்திரி ஓபி வரிசையில் நின்றால் என்ன சொல்லுவாள்? 'அடியில லேசா எரிச்சலா இருக்கு தாயி' என்றுதான் சொல்லுவாள். சண்டைக்கு உதவிய சொல் வைத்தியத்துக்கு உதவாது. அதைச் சொன்ன மாத்திரத்தில் எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும்.

இதனால் என்ன ஆகிறது என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். அரிப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஒரு கிரீம். அது போதாமல் இன்னொரு கிரீம். வெள்ளைப்படுதல், சூடு, சர்க்கரை என்று ஆளாளுக்கு ஒரு காரணம். வயிற்றை ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிட்டு 'கர்ப்பப்பை நல்லா இருக்கும்மா' என்று அனுப்புவதும் நடக்கும். இத்தனைக்கும் இது உடம்பின் உள்ளே ஒளிந்திருக்கிற உறுப்பு கிடையாது. ஸ்கேன் வேண்டாம், கருவி வேண்டாம். வெளிச்சம், ஒரு கைக்கண்ணாடி, சந்தேகம் இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு ஒரு துளி சதை எடுத்து டெஸ்ட். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குப் பரிசோதனை இருக்கிறது, போஸ்டர் இருக்கிறது. உள்ளே இருக்கும் வாய்க்குத் தமிழ் கிடைத்துவிட்டது. வெளியே இருக்கும் உதட்டுக்குக் கிடைக்கவில்லை.

தமிழால் இதெல்லாம் முடியாது என்பவர்களுக்கு ஒரு பழைய பெயரை நினைவுபடுத்தலாம். சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். அமெரிக்க மிஷன் மருத்துவர், யாழ்ப்பாணத்தில் மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தவர். பிரசவம் பற்றிய ஆங்கில நூலை 1857-இலும், அறுவை சிகிச்சை நூலை 'இரண வைத்தியம்' என்ற பெயரில் 1867-இலும் தமிழில் கொண்டுவந்தார். தமிழில் படித்த மாணவர்கள் தமிழ்நோயாளிகளுக்குக் கத்தி வைத்தார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இது நடந்திருக்கிறது. அவருடைய கலைச்சொற்கள் இன்று நமக்கு உதவுமா என்பதை விட, டாக்டரும் நோயாளியும் ஒரே மொழியில் இருக்க வேண்டும் என்று அவர் எடுத்த முடிவுதான் முக்கியம். அந்த முடிவைத்தான் நாம் கைவிட்டுவிட்டோம்.

வரிசை

இரண்டாவது கேள்விக்கு வருவோம். என்ன நடக்கும்?

இந்த அறுவை சிகிச்சைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தாளில் இருக்க வேண்டியதில்லை, ஆனால் தாளை எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1912-இல் பாரிஸில் அந்துவான் பாசே, கிளிட்டோரிஸில் வரும் புற்றுக்குத் தொடை இடுக்கின் நெறிக்கட்டுகளையும் சேர்த்து எடுக்கும் முறையை விவரித்தார். 1940-களில் அமெரிக்காவில் டாசிக், இங்கிலாந்தில் ஸ்டான்லி வே ஆகியோர் அதைப் பெரிதாக்கினார்கள். பெண்குறி முழுவதையும், இரண்டு தொடை இடுக்கையும், நடுவில் இருக்கும் தோலையும் ஒரே துண்டாக வெட்டி எடுப்பது. வெட்டின் வடிவத்தைப் பார்த்து அதற்குப் பட்டாம்பூச்சி என்று பெயர். உயிர் பிழைத்தவர்கள் எண்ணிக்கை கூடியது உண்மை. புண் பிளந்து மாதக்கணக்கில் படுத்துக் கிடந்ததும் உண்மை. அதற்குப் பிந்தைய வரலாறு முழுக்க அந்தப் பட்டாம்பூச்சியைச் சின்னதாக்கிய வரலாறுதான். 1981-இல் ஹேக்கர் குழுவினர், ஒரே வெட்டுக்குப் பதிலாக மூன்று தனி வெட்டு போதும் என்று காட்டினார்கள். 2008-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று 403 பெண்களிடம் இன்னும் ஒரு படி போனது. நான்கு சென்டிமீட்டருக்குக் குறைவான ஒற்றைக் கட்டி, கைக்கு நெறி தட்டுப்படவில்லை என்றால், முதல் நெறிக்கட்டை மட்டும் மருந்து செலுத்திக் கண்டுபிடித்து எடுத்துப் பார்க்கலாம். அதில் புற்று இல்லையென்றால் மற்றவற்றை விட்டுவிடலாம். அப்படி விட்டவர்களில் கால் வீக்கம் 1.9 சதவீதம் பேருக்கு வந்தது. எல்லா நெறிக்கட்டையும் எடுக்க வேண்டி வந்தவர்களில் 25.2 சதவீதம்.

இந்த இரண்டு எண்களும் ஒரு பெண்ணின் மிச்ச வாழ்க்கை. சீக்கிரம் வந்தால் முதல் எண்ணுக்குள் போகலாம், தாமதமானால் இரண்டாவது எண்ணுக்குள். மேலே பேசிய பெயர்ச்சொல் பிரச்சினை கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

இன்றைய நிலைமையில், தமிழில் ஒரு தாள் சொல்லக்கூடியது, சொல்ல வேண்டியது இவ்வளவு:

கட்டி ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீழே போகவில்லை, அளவும் சின்னது என்றால், அதையும் சுற்றி ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும் மட்டும் எடுப்பார்கள். நெறிக்கட்டைத் தொட வேண்டியதில்லை. அதைவிட ஆழம் என்றால் தொடை இடுக்கில் ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ நெறிக்கட்டு எடுப்பார்கள். பெரிய கட்டி, பல இடங்களில் கட்டி என்றால் உதடுகள் முழுவதும் போகலாம், கிளிட்டோரிஸும் போகலாம். எது போகும், எது மிஞ்சும் என்று ஆபரேஷனுக்கு முன்னாலேயே படம் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

கண் விழிக்கும்போது மூத்திர டியூப் போட்டிருக்கும். தொடை இடுக்கில் வெட்டியிருந்தால் அங்கேயும் டியூப், அதன் முனையில் நீர் சேரும் பை. வடியும் நீர் குறைந்த பிறகுதான் அதை எடுப்பார்கள். சில பேர் பையோடவே வீட்டுக்குப் போவார்கள்.

தையல் விடுவது இந்த ஆபரேஷனில் சகஜம். நடமாட்டமும் ஈரமும் உள்ள இடம். விட்டுப்போனால் பெரும்பாலும் திரும்பத் தைக்க மாட்டார்கள். சுத்தம் பண்ணி, கட்டு மாற்றி, அடியிலிருந்து தானாக மூடிவர விடுவார்கள். வாரக்கணக்கில் ஆகும். நீங்கள் தப்புப் பண்ணியதால் விட்டது என்று அர்த்தமில்லை.

மூத்திரம் போகும்போது எரியும். ஒரு பக்கமாகத் தெறிக்கும், தொடையில் வழியும். போகும்போதே ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக்கொண்டால் எரிச்சல் குறையும். தொடையின் மேல்பகுதி மரத்துப்போன மாதிரி இருக்கும், அந்த இடத்து நரம்பு வெட்டில் அகப்பட்டிருக்கலாம். எடுத்த நெறிக்கட்டில் புற்று தெரிந்தால் பிறகு கரண்ட் வைப்பார்கள். ரேடியேஷனுக்கு நம் ஊரில் அதுதான் பெயர், ஷாக் கொடுப்பதில்லை.

தாம்பத்யம்? புண் ஆறி, டாக்டர் பார்த்த பிறகு. வாசல் இறுகியிருக்கலாம், உணர்ச்சி குறைந்திருக்கலாம், கிளிட்டோரிஸ் போயிருந்தால் உச்சம் கிடைப்பது மாறிப்போகலாம். அறுபது வயதுக்காரருக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை என்று தீர்மானிக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது.

முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு தடவை காட்ட வேண்டும். அதே இடத்தில் திரும்ப வரலாம். வந்தாலும் சீக்கிரம் பார்த்துவிட்டால் திரும்ப வைத்தியம் உண்டு.

மேலே எழுதியதில் எந்தச் சொல்லுக்கும் அகராதி தேவைப்படவில்லை. நெறிக்கட்டு, தையல் விடுவது, கரண்ட் வைப்பது எல்லாம் மக்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் சொற்கள். நிணநீர்க்கணு, கதிரியக்கச் சிகிச்சை என்று நாம் செய்து வைத்திருக்கும் சுத்தமான சொற்களும் ஆங்கிலச் சுருக்கெழுத்தும் செய்வது ஒரே காரியம்தான். தாளுக்குச் சொந்தக்காரரை வாசலில் நிறுத்திவைக்கின்றன.

இடம்

நீண்ட நேரம் நாற்காலியில் அமர வேண்டாம் என்ற வரியை வாசித்துக் காட்டியபோது தங்கச்சி சிரித்துவிட்டாள். "எங்க வீட்ல ஏதுண்ணே நாற்காலி." எனக்கு அந்தத் தாளைப் பற்றிய முழு விமர்சனமும் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது மாதிரி இருந்தது.

மேற்கில் எழுதப்பட்டு இங்கே மொழிபெயர்க்கப்படும் நோயாளித் தாளுக்குள் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் சோபா உண்டு. வெஸ்டர்ன் டாய்லெட் உண்டு. தாழ்ப்பாள் போட்ட குளியலறை, கைஷவர், இடுப்புவரை உட்காரும் தொட்டி, தனியாக ஒரு படுக்கையறை. காரில் போகும்போது பெல்ட்டுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆறு வாரம் கழித்து ஆபீஸ் வேலைக்குத் திரும்பலாம் என்பார்கள். ஒரு சிறுகதையில் இப்படிப் பின்னணி தப்பாக இருந்தால் நாம் கிழித்துத் தொங்கவிட்டிருப்போம்.

பட்டாசு பூமியில் பெண்ணின் உடம்பு எப்படி இருக்கிறது? தரையில் இருக்கிறது. சரம் பின்னுவது, திரி வைப்பது, குழாய் உருட்டுவது, பெட்டி ஒட்டுவது, பாக்கெட் போடுவது எல்லாம் சம்மணம் போட்டோ, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டியோ. தொடை இடுக்கு மடங்கும் கோணத்தில்தான் நாள் முழுவதும். கூலி, செய்த எண்ணிக்கைக்கு. தீப்பெட்டி என்றால் குரோஸ் கணக்கு. பின்னாத நாளுக்குக் காசில்லை. தீபாவளி நெருங்க நெருங்க ஒரு நாள் லீவுக்கு விலை அதிகம். காலையில் கம்பெனி வேன் வருவதற்குள் சமையலை முடித்துக் கிளம்ப வேண்டும். வேலை செய்யும் இடத்தில் ஒண்ணுக்குப் போவது ஒரு பாடு என்பதால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். வீட்டில் இந்தியன் டாய்லெட், இல்லையென்றால் கருவேலங்காடு.

இந்த உடம்புக்கு அந்தத் தாள் என்ன சொல்ல முடியும்? எத்தனை வாரம் கழித்துக் குந்தலாம்? சம்மணம் எப்போது போடலாம்? போட்டால் தொடை இடுக்குத் தையலுக்கு என்ன ஆகும்? தரைக்குப் பதில் ஒரு மணைப்பலகை உயரத்தில் உட்கார்ந்து பின்ன முடியுமா? குந்த முடியாத வாரங்களுக்கு, நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை டாய்லெட் மேல் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? ஒவ்வொன்றும் அறுவை சிகிச்சை நிபுணரும் பிசியோதெரபிஸ்ட்டும் பத்து நிமிஷத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. கேட்கப்பட்டால்தானே.

கால் வீக்கத்தை எடுத்துக்கொள்வோம். நெறிக்கட்டு எடுத்த பிறகு நீர் வடியும் பாதை அடைபட்டு கால் வீங்கலாம். ஆபரேஷன் முடிந்து பல மாதம் கழித்தும் வரலாம். அந்தக் காலில் சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி ஏறி, கால் சிவந்து, காய்ச்சல் அடிக்கும். அதனால் 'காலணி இன்றி நடக்காதீர்கள்' என்று தாள் சொல்லும். சரி. ஆனால் பட்டாசு ஷெட்டுக்குள் ஆணி அடித்த செருப்போடு போக முடியாது. பொறி பறந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். பல இடங்களில் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் வேலை. வெளியே வந்தால் கருவேல முள். ஒரு உயிரைக் காப்பாற்றும் விதி இன்னொரு உயிரைக் காப்பாற்றும் விதியோடு மோதுகிறது. நடுவில் ஒருத்தியின் பாதம். ஆணி இல்லாத ரப்பர் செருப்பை அனுமதிக்கலாமா என்று மேஸ்திரியிடம் கேட்பதற்கு அவளுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கலாம். அதற்கு மேல் ஊர் இருக்கிறது. வீங்கிய காலைப் பார்த்த உடனே 'யானைக்கால்' என்பார்கள். அது கொசுவால் வருவது, இது அதுவல்ல, யாருக்கும் ஒட்டாது என்ற இரண்டு வரி தாளில் இருந்தால், அதை அவள் வீட்டுக்காரருக்கும் சம்பந்தி வீட்டுக்கும் வாசித்துக் காட்டலாம்.

மருந்துமேல் பழி

சிவகாசியை வைத்து இதை எழுதும் யாருக்கும் ஒரு ஆசை வரும். வெடிமருந்துதான் காரணம் என்று சொல்லிவிடும் ஆசை. கைக்கு நல்ல உவமை, நல்ல வில்லன். வரலாற்றில் முன்னுதாரணமும் இருக்கிறது. 1775-இல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், புகைபோக்கி சுத்தம் செய்யும் வேலைக்குச் சிறுவயதிலேயே போனவர்களின் விதைப்பையில் வரும் புற்றுக்குக் கரிதான் காரணம் என்று எழுதினார். தொழிலால் வரும் புற்று என்று ஒன்று உண்டு என்பதே அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1788-இல் அந்தச் சிறுவர்களுக்காக ஒரு சட்டம் வந்தது. ஆணின் மறைவிடத்துப் புற்று, ஒரு தெளிவான பத்தியின் வழியாக, தொழிலாளர் வரலாற்றுக்குள் நுழைந்துவிட்டது.

ஆனால் பாட் தன் நோயாளிகளைப் பார்த்து எழுதினார். நாம் பார்க்காமல் எழுதக் கூடாது. பெண்குறிப் புற்றுக்கு மருத்துவம் அறிந்த காரணங்கள் எச்.பி.வி., நாள்பட்ட தோல்நோய், வயது, புகைப்பழக்கம், எதிர்ப்புச் சக்தி குறைவு. இந்தப் பட்டியலில் வெடிமருந்து இல்லை. சிவகாசி இந்த நோயில் செய்யும் வேலை வேறு: வந்த நோயைக் காட்ட விடாமல் தள்ளிப்போடுவது, ஆபரேஷன் முடிந்தவளை ஆறுவதற்குள் தரையில் உட்கார வைப்பது. இது கூலிமுறை செய்யும் வேலை. ரசாயனத்தின் மேல் பழியைப் போட்டால் கூலிமுறை தப்பித்துவிடும்.

சூசன் சான்டாக் 1978-இல், நோயை உவமையாக்காதீர்கள் என்று ஒரு புத்தகமே எழுதினார். நம் தரப்பிலும் இதைச் சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது. குட்டி ரேவதியின் 'முலைகள்' 2002-இல் வந்தபோது எழுந்த கூச்சல் நம்மில் பலருக்குக் கேள்வி ஞானம்தான். அந்தத் தொகுப்பும், அந்தக் காலகட்டத்துப் பெண் கவிஞர்களும், உறுப்பின் பெயரை வசவிலிருந்து பிடுங்கிக் கவிதைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கடனை மறுக்க முடியாது. அதற்குப் பிறகு வந்த நாம்தான் சோம்பேறிகள். யோனி என்ற சொல்லைக் கவிதையில் நிலமாக, நதியாக, தீயாக எழுதக் கற்றுக்கொண்டோம். அது ஒரு தோல், அதற்கு அரிப்பு வரும், தையல் போட்டால் விட்டுப்போகும் என்று எழுதுவதைக் கவிதைக்குறைவாக நினைக்கிறோம். ஆட்ரே லார்ட் தன் முலை அகற்றப்பட்ட பிறகு எழுதிய 'கேன்சர் ஜர்னல்ஸ்' (1980) உணர்ச்சிப் புத்தகம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அதன் கூர்மையான பக்கங்கள் டாக்டர் அறையில் நடந்த ஒரு சின்ன விஷயத்தைப் பற்றியவை: செயற்கை முலை வைக்காமல் வந்தால் இந்த ஆபீஸின் மனசு தளரும் என்று நர்ஸ் சொல்கிறார். லார்ட் அந்த வாக்கியத்தை விடவே இல்லை. யாருக்காக, யார் வசதிக்காக என்று வரி வரியாகப் பிரித்து மேய்ந்தார். ஒரு மருத்துவமனை வாக்கியத்தை இலக்கிய வாசகர் வாசிக்க வேண்டிய விதம் அது.

இப்போது விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரியில் திறந்தார்கள். மதுரை எழுபது கிலோமீட்டர்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பலர் வீட்டில் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கு ஒரு பெண் வந்து பிரஷர் பார்த்துவிட்டுப் போகிறார். கட்டடமும் அட்டையும் ஆளும் இருக்கும் இடத்தில் ஒரு தாள் எழுதுவது பெரிய காரியமில்லை. ஒரு அறுவை மருத்துவர், ஒரு நர்ஸ், இந்த ஆபரேஷன் ஆன இரண்டு பெண்கள், தமிழ் வாக்கியம் எழுதத் தெரிந்த ஒருவர் சேர்ந்தால் ஒரு மதியத்தில் முடியும். அந்த ஐந்தாவது ஆளை அனுப்ப வேண்டியது நம் பொறுப்பு. எழுதி முடித்ததும் பின்னல் கட்டில் ஒருத்தியிடம் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். அவள் எந்த வரியில் சிரிக்கிறாளோ அந்த வரியைத் திருத்த வேண்டும்.

அந்தத் தாள் இப்படித் தொடங்கலாம்:

'உங்கள் பெண்குறியின் வெளித்தோலில் புற்று வந்திருக்கிறது. கர்ப்பப்பையில் இல்லை. இது யாருக்கும் ஒட்டாது. நீங்கள் செய்த எந்தத் தப்பாலும் வரவில்லை. கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சம் தோலையும் எடுக்கப்போகிறோம். எவ்வளவு என்று இந்தப் படத்தில் கோடு போட்டிருக்கிறோம், பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் குந்தவும் சம்மணம் போடவும் முடியாது. அதுவரை எப்படி உட்காருவது, எப்படி வெளிக்குப் போவது, வேலைக்கு எப்போது போகலாம் என்று அடுத்த பக்கத்தில் இருக்கிறது. கால் சிவந்து சூடாகி, காய்ச்சல் அடித்தால் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே வாருங்கள்.'